இணைய வானொலி ஓய்ந்தால் என் செய்வது?

கேள்விச் செல்வம் செல்வங்களுள் சிறந்தது என்று நம் முன்னோர் கருதினர். எழுதப் படிக்க அறியாத குடியானவரும் செவி வழியாக அறிவைப் பெறலாம் என்னும் உண்மையை நம் நாட்டில் நிலைநாட்டிய கருவி வானொலியாகும். சென்னையில் 1938ஆம் ஆண்டிலும், திருச்சிராப்பள்ளியில் 1939ஆம் ஆண்டிலும் வானொலி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. பிற்காலத்தில் பஞ்சாயத்துக் கட்டடங்களில் ஒலிபெருக்கியுடன் வைக்கப்பட்ட பொது வானொலிப் பெட்டியைச் சுற்றி மாலை வேளைகளில் ஊரார் கூடியமர்ந்து கேட்டதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். 1956ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உதவியோடு புனே நகரைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. கேட்டல், விவாதித்தல், செயற்படுதல் என்னும் மூன்றுமே அம்மன்றங்களின் கொள்கை. 1960களில் தஞ்சை மாவட்டத்து உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பற்றி வானொலி வாயிலாக அறிந்து பெருமளவில் பயிரிட்டனர். அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

இன்று காலம் மாறிவிட்டது. பொதுப் பெட்டி இருந்த இடத்தில் இப்பொழுது வீட்டுக்கு வீடு கைப்பேசியும், சில வீடுகளில் கணினியும் இருக்கின்றன. வானொலியும் அவற்றினுள் புகுந்துவிட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பொதுப் பெட்டி பழுதுற்றால் ஊரே அறியும். பஞ்சாயத்து தலையிட்டுப் பழுது நீக்கும். வீட்டுக் கணினியில் வானொலி ஓய்ந்தால் அவ்வீட்டாரையன்றி வேறெவரும் அறியார். அவரும் சில நாள் முயன்று பார்த்துவிட்டுக் கேட்பதையே கைவிடுகின்றனர். இந்நிலை ஏற்படாமல் காக்கும் எளிய முறையொன்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மலையடிவாரத்தின் நிலைமை

வடக்கனந்தல் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர். அருகே கோமுகி அணையும், கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உள்ளன. கரும்பு, நெல், மரவள்ளி ஆகியவை இப்பகுதியின் முக்கியப் பயிர்கள். இத்தகைய இடத்தில் வானொலி கேட்பதில் இயற்கையாகவே சில இடையூறுகள் உண்டு. பண்பலை எனப்படும் எஃப்.எம். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குன்றுகள் குறுக்கிடின் அப்பாலுள்ள பள்ளத்தாக்குகளில் அவை நன்கு கேட்பதில்லை. மத்திய அலைகள் நெடுந்தொலைவு செல்லும். ஆனால் மின்கம்பி, மோட்டார், மலிவான மின்விளக்குகள் ஆகியவற்றின் இரைச்சல் அவற்றைக் கெடுத்துவிடுகிறது.

இணைய வானொலிக்கு மலை ஒரு தடையன்று. நிலையத்தின் ஒலி எண்களாக மாற்றப்பட்டுக் கம்பி வழியாகவோ, கைப்பேசிக் கோபுரத்தின் வழியாகவோ நம் வீட்டை அடைகிறது. இணையம் வந்துவிட்ட வீட்டில் சென்னையும், திருச்சியும், புதுச்சேரியும், கடல் கடந்த சிங்கப்பூரும் ஒரே தெளிவுடன் கேட்கும். ஆகாசவாணியின் தமிழ் நிலையங்கள் பலவற்றை அதன் இணையதளத்திலும் செயலியிலும் கட்டணமின்றிக் கேட்கலாம். பி.பி.சி. தமிழோசை தன் சிற்றலை ஒலிபரப்பை 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்தியதை நேயர்கள் அறிவர். இவ்வாறு பழைய அலைகள் குறைந்துவரும் காலத்தில் இப்புதிய வழியைக் கற்றுக்கொள்வது அவசியமாகிறது.

ஏரியும் மதகும்

இணைய வானொலி இயங்கும் விதத்தை உழவர்களுக்கு விளக்குவது எளிது. வாய்க்காலில் நீர் ஒரு சமயம் மிகுந்தும், ஒரு சமயம் குறைந்தும் வரும். அதனை நேரே வயலுக்கு விட்டால் பாசனம் சீராக இராது. ஆகவே ஏரியில் தேக்கி, மதகின் வழியே அளவாக விடுகிறோம். இணையத்தில் வரும் ஒலியும் இத்தகையதே. அது சிறுசிறு துண்டுகளாக, ஒழுங்கின்றி வந்து சேர்கிறது. கணினி சில வினாடிகளுக்குரிய ஒலியை முதலில் தேக்கிக்கொண்டு, பின்னர் சீராக ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இத்தேக்கம் வற்றிப்போனால் பாட்டு நடுவே நின்று, மீண்டும் தொடங்கும். திக்கித் திக்கிக் கேட்பதன் காரணம் இதுவே.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். தேக்கி விடுவதால் இணைய வானொலி எப்பொழுதும் சிறிது தாமதித்தே ஒலிக்கும். அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்குவது இயல்பு. ஆகவே வானொலியின் நேர அறிவிப்பைக் கொண்டு வீட்டுக் கடிகாரத்தைத் திருத்த முற்படலாகாது.

செலவைப் பற்றியும் அறிதல் நலம். பேச்சு நிகழ்ச்சிக்கு வினாடிக்கு 64 கிலோபிட் அளவு போதுமானது. இக்கணக்கில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 29 மெகாபைட் செலவாகும். நாள்தோறும் ஒரு மணி நேரம் கேட்டால் 30 நாட்களுக்கு ஒரு ஜிகாபைட்டுக்கும் குறைவே. 128 கிலோபிட் அளவில் கேட்டால் செலவு இதனைப் போல் இரு மடங்கு. படக்காட்சிகள் காண்பதோடு ஒப்பிடுகையில் இது மிகச் சிறிய செலவாகும்.

கேட்கும் வழிகள் இரண்டு

முதல் வழி, பிரௌசர் எனப்படும் உலவியில் நிலையத்தின் இணையதளத்தைத் திறந்து, முக்கோண வடிவமுள்ள பொத்தானை அழுத்துவது. பழகாதவர்க்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது வழி, அதற்கென்று அமைந்த மென்பொருளைப் பயன்படுத்துவது. வி.எல்.சி. என்னும் மென்பொருளை இதற்குப் பரிந்துரைக்கலாம். பாரிஸ் நகரையடுத்த ஒரு பொறியியற் கல்லூரியின் மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சியின் பயனாகிய இது, 2001 முதல் எவரும் விலையின்றிப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக இருந்துவருகிறது. அதனைத் திறந்து, ‘கன்ட்ரோல்’ விசையுடன் ‘என்’ விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒரு கட்டம் தோன்றும். அதில் நிலையத்தின் ஒலியோடை முகவரியை இட்டு ‘பிளே’ என்பதை அழுத்த வேண்டும். நிலையத்தின் இணையதள முகவரி வேறு, ஒலியோடை முகவரி வேறு என்பதை மறத்தலாகாது; முன்னதை இட்டால் மென்பொருள் பாடாது.

சில நிலையங்கள் ‘எம்3யூ’ அல்லது ‘பிஎல்எஸ்’ என்று முடியும் சிறு கோப்பைத் தருவதுண்டு. அக்கோப்பினுள் பாட்டு எதுவும் இல்லை. முகவரி மட்டுமே எழுதப்பட்டுள்ளது. அதனை வி.எல்.சி.யில் திறந்தால் போதும். பிடித்த நிலையங்களைத் திறந்த பின் ‘கன்ட்ரோல்’ விசையுடன் ‘ஒய்’ விசையை அழுத்திப் பட்டியலாகச் சேமித்துக்கொண்டால், மறுநாள் முகவரியைத் தேட வேண்டியதில்லை.

வயலில் வேலை இருக்கும் நேரத்தில் வரும் உழவர் நிகழ்ச்சியைப் பதிவு செய்து கொள்ளவும் இம்மென்பொருளில் வசதி உண்டு. ‘ஷிஃப்ட்’ விசையுடன் ‘ஆர்’ விசையை அழுத்தினால் பதிவு தொடங்கும். மீண்டும் அழுத்தினால் முடியும். அவ்வாறு பதிவு செய்தவற்றைச் சொந்தக் கேள்விக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். நிலையத்தின் அனுமதியின்றிப் பிறர்க்குப் பரப்புவது முறையன்று.

ஒரு வீட்டில் கண்டது

சில காலத்திற்கு முன்பு வடக்கனந்தலையடுத்த ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். மகளின் படிப்புக்காக வாங்கிய கணினி அங்கிருந்தது. மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் பயில்கிறார். தந்தையார் இரண்டு ஏக்கரில் மரவள்ளி பயிரிடுபவர். நாள்தோறும் மாலையில் அக்கணினியில் வானொலி கேட்பது அவரது வழக்கம். நாற்பது நாட்களாக அது பாடவில்லை என்றார். பழுது பார்க்க வந்த ஒருவர், “இயந்திரம் பழையதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்” என்று கூறிச் சென்றாராம்.

அந்த நாற்பது நாட்கள் அற்பமானவையல்ல. மரவள்ளியைத் தாக்கும் அயல்நாட்டு மாவுப்பூச்சி 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் கண்டறியப்பட்டது என்பதை உழவர்கள் அறிவர். அதனை அழிக்கவல்ல ஒரு சிறு குளவியினம் ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து கொண்டுவரப்பெற்று, 2022ஆம் ஆண்டு மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. கண்ட கண்ட பூச்சிக்கொல்லிகளைத் தெளித்தால் பூச்சியோடு இந்த நற்குளவியும் மடியும். இவ்வறிவுரை செவிக்கு எட்டியவர் மருந்துச் செலவைக் குறைத்துப் பயிரையும் காத்துக்கொள்ளலாம். எட்டாதவர், தம் தோட்டத்தில் வெண்மை படர்ந்ததும் கையில் கிடைத்த மருந்தைத் தெளிக்கவே விரைவார். இப்பெரியவரும் இருமுறை தெளித்துவிட்டிருந்தார்.

கணினியைத் திறந்து பார்த்தோம். ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்னும் அறிவிப்பு தோன்றிற்று. வேறு தளங்களும் திறக்கவில்லை. ஆனால் அதே வீட்டு இணைப்பில் கைப்பேசி நன்கு இயங்கியது. ஆகவே பழுது இணைப்பில் இல்லை. கணினியில்தான் என்பது தெளிவாயிற்று. திரையின் மூலையில் தேதியை நோக்கினோம். அது பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளைக் காட்டியது!

காரணம் இதுவே. இன்றைய இணையதளங்கள் தம் மெய்ம்மையை நாட்ட ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அதில் இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும் என்று குறிக்கப்பட்டிருக்கும். கணினி அதனைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், ‘இச்சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை’ என்று கணினி தள்ளிவிடும். நாளைத் தவறாகக் கொண்ட கணக்கர், இன்றைய ரசீதைக் கண்டு ‘இது இன்னும் பிறவாத நாளின் ரசீது’ என்று மறுப்பதை இது ஒக்கும்.

தேதியைத் திருத்தினோம், வானொலி பாடிற்று. மறுநாள் மின்சாரம் நின்று வந்ததும் பழைய தேதி மீண்டும் தோன்றியதாகச் செய்தி வந்தது. மின்சாரம் இல்லாதபொழுது கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று மேசைக் கணினியினுள் நாணயம் போன்ற ஒரு சிறு மின்கலம் உண்டு. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அதன் எண் சிஆர் 2032. சில ஆண்டுகளில் அதன் வலிமை குன்றிவிடும். சில பத்து ரூபாய் விலையுள்ள அதனை மாற்றியதும் குறை முற்றும் நீங்கியது. இணையத்தின் வழியாக நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் அக்கணினியில் நிறுத்தப்பட்டிருந்தது. அதனையும் இயக்கி வைத்தோம். புதிய கணினி வாங்க வேண்டிய தேவையே எழவில்லை.

அருகிலிருந்து தொலைவுக்கு

இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம் ஒன்று. கடைமடைக்கு நீர் வராவிட்டால் நாம் உடனே அணைக்கு ஓடுவதில்லை. வயல் வாய், கிளை வாய்க்கால், மதகு, ஏரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்கிறோம். வானொலி ஓய்ந்தாலும் அவ்வாறே அருகிலிருந்து தொலைவுக்குச் செல்லுதல் வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எதனால் குணம் கண்டது என்று அறிய இயலாது. சோதனைகள் ஆறு.

1. ஒலிபெருக்கி: கணினியில் முன்பே சேமித்துள்ள ஒரு பாட்டை இயக்கிப் பாருங்கள். அது கேட்டால் ஒலிபெருக்கியில் குறையில்லை. கேளாவிட்டால் ஒலிபெருக்கியின் மின்சாரம், ஒலி அளவு, கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். மேசைக் கணினியில் ஒலிபெருக்கிக் கம்பி பெரும்பாலும் பச்சை நிறத் துளையில் செருகப்பட வேண்டும். தொலைக்காட்சியோ, கம்பியில்லாக் காதணிக் கருவியோ இணைக்கப்பட்டிருந்தால் ஒலி அங்கே திரும்பியிருக்கலாம். திரையின் கீழ் மூலையிலுள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தை அழுத்தி, ஒலி செல்லும் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2. உலவியின் மௌனம்: உலவியில் அந்தப் பக்கம் மட்டும் ஊமையாக்கப்பட்டிருக்கலாம். மேலும், பல உலவிகள் நாம் பொத்தானை அழுத்தாத வரையில் தாமாக ஒலியைத் தொடங்குவதில்லை. இது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடேயாகும்.

3. கடிகாரம்: தேதி, ஆண்டு, நேரம், இந்திய நேர மண்டலம் ஆகிய நான்கையும் பாருங்கள்.

4. இணைப்பு: நன்கறிந்த வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதே வைஃபையில் கைப்பேசியையும் சோதியுங்கள். இரண்டும் திறக்காவிட்டால் இணைப்புப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து இயக்குங்கள். தடித்த மண்சுவரும், இரும்பு அலமாரியும் வைஃபை அலையைத் தடுக்கும். பெட்டியைத் திறந்த இடத்தில் உயரத்தில் வைப்பதும், இயன்றால் கம்பி மூலம் கணினியை இணைப்பதும் நலம்.

5. நிலையம்: வேறொரு நிலையத்தை இயக்குங்கள். அது பாடினால் உங்கள் கருவியில் குறையில்லை. முதல் நிலையத்தின் ஒலியோடையே நின்றிருக்கலாம், அல்லது அதன் முகவரி மாறியிருக்கலாம். சிறிது பொறுத்துப் பார்த்து, பின்னர் நிலையத்தின் தளத்திலிருந்து புதிய முகவரியைப் பெறுங்கள்.

6. மென்பொருள்: பக்கத்தைப் புதுப்பித்தும், வேறொரு உலவியில் திறந்தும், வி.எல்.சி.யின் புதிய பதிப்பை இட்டும் பாருங்கள். விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவை அதன் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. இன்னும் பழைய பதிப்புகளில் புதிய உலவிகள் இயங்குவதே அரிதாகி வருகிறது என்பதையும் கருத்தில் கொள்க.

முற்றிலும் ஓய்வது ஒரு நோய். திக்கித் திக்கிக் கேட்பது வேறொரு நோய். இரண்டாவதற்கு மருந்து ஏரியை ஆழப்படுத்துவதே. வி.எல்.சி.யில் முகவரியிடும் கட்டத்தின் கீழே ‘கூடுதல் விருப்பங்கள்’ என்னும் பொருளுடைய பெட்டியைத் திறந்தால், தேக்க நேரம் ஆயிரம் மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடி என்றிருக்கும். அதனை ஐயாயிரமாக உயர்த்துங்கள். அதே வேளையில் வீட்டில் வேறெவரேனும் படம் இறக்கிக்கொண்டிருந்தால் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். குறைந்த கிலோபிட் அளவுள்ள ஒலியோடை இருந்தால் அதனைத் தேர்ந்தெடுங்கள்.

எச்சரிக்கைகள்

பாட்டு நின்றதும், ‘இதனை இறக்கினால் உடனே பாடும்’ என்று திரையில் தோன்றும் அழைப்புகளை நம்புதல் கூடாது. அவற்றுள் பல கணினியைக் கெடுப்பவை. மென்பொருளை அதனை உருவாக்கியோரின் தளத்திலிருந்தே பெறவேண்டும். ‘உங்கள் கணினியில் கோளாறு உள்ளது’ என்று அறிமுகமற்றோர் தொலைபேசியில் கூறினால் கணினியின் கட்டுப்பாட்டை அவர்க்கு அளித்தலாகாது. வங்கி இரகசிய எண்ணையும் கூறலாகாது. ஏமாற்றப்பட்டுப் பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு அறிவிக்க வேண்டும்.

மலையடிவாரத்தில் கோடை மழை இடியோடு வருவது வழக்கம். இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்பே கணினி, இணைப்புப் பெட்டி ஆகியவற்றின் மின் செருகிகளைப் பிடுங்கிவிடுவதே பாதுகாப்பு. அத்தகைய நேரத்தில் இணையமும் மின்சாரமும் நின்றுபோவது இயல்பு. ஆகவே, மின்கலத்தில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். புயல் எச்சரிக்கை வேண்டிய இரவில் அதுவே துணையாக நிற்கும். புதிது வந்தது என்று பழையதை எறிந்துவிடுதல் அறிவுடைமையாகாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடியிழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. இணைப்பு வந்துவிட்ட பஞ்சாயத்தில் கணினியும் ஒலிபெருக்கியும் இருந்தால் பழைய பொது வானொலியை மீண்டும் உயிர்ப்பிக்கலாம். வாரம் ஒரு மாலை உழவர் நிகழ்ச்சியைக் கூடியிருந்து கேட்டு, கேட்டதைப் பற்றி அரை மணி நேரம் கலந்துரையாடலாம். எழும் ஐயங்களை 1800 180 1551 என்னும் கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்டுத் தெளியலாம்.

இரண்டாவதாக, வார்டுக்கு ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ மேற்கூறிய ஆறு சோதனைகளையும் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. ஒரு மாலைப் பொழுது போதும். சோதனைகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் நூலகத்திலும் ஒட்டி வைக்கலாம். முதியோர் மட்டும் வாழும் வீடுகளுக்கு அவ்விளைஞர்கள் மாதம் ஒருமுறை சென்று பார்த்து வரலாம்.

நாம் கண்ட அப்பெரியவர் இப்பொழுது கணினியை இயக்கியதும் முதற்கண் தேதியைப் பார்க்கிறார். பின்னரே நிலையத்தைத் திறக்கிறார். அதுமட்டுமன்று, அண்டை வீட்டில் பாட்டு நின்றபொழுது அவரே சென்று ஒலிபெருக்கிக் கம்பி தவறான துளையில் இருந்ததைக் கண்டு மாற்றிக் கொடுத்தாராம். கற்றவர் ஒருவர் பிறர்க்குக் கற்பிப்பதே கிராம முன்னேற்றத்தின் அடிப்படை. வானொலி நின்றால் கேட்பதை நிறுத்திவிடாமல், நின்ற காரணத்தைத் தேடும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வளர்வதாக.